லுவாக்ஸானாவைத் தாண்டிப் போகச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டார் டிரெக் ரசிகர்களுக்கு வணக்கம்.

எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் நடக்கும் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் உங்களிடம்தான் யோசனை கேட்கிறார்கள். முதல் சீசனைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார், மூன்றாவதிலிருந்து தொடர் எழுந்து நின்றுவிடும் என்கிறீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே இன்னொன்றும் சொல்கிறீர்கள்: கப்பலின் ஆலோசகர் டியானா டிராயின் அம்மா லுவாக்ஸானா வருகிற எபிசோடா, தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போ, கதையில் ஒன்றும் குறையாது. இந்த இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து இனி யாருக்கும் சொல்லாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் காரணங்கள் எனக்கு மனப்பாடம். ஓயாமல் பேசுகிறார். கேப்டன் பிக்கார்டைத் துரத்துகிறார். வளர்ந்த மகளை எல்லார் முன்னிலையிலும் சின்னக் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு அவள் மானத்தை வாங்குகிறார். அடுத்தவர் மனதைக் கேட்காமலே படித்து, படித்ததைச் சபையில் போட்டு உடைக்கிறார். பாதுகாப்பு அதிகாரி வோர்ஃபின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை, 'வூஃப்' என்கிறார். அவர் வந்து இறங்கியதும் தொடரின் கம்பீரமே போய்விடுகிறது. கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் உண்மைதான்.

லுவாக்ஸானா டிராய் வருவது மொத்தமே ஒன்பது எபிசோடுகளில். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 1987 முதல் 1993 வரை ஆறு, 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1993 முதல் 1996 வரை மூன்று. அடுத்தவர் மனதைப் படிக்க வல்ல பீட்டாஸாய்டுகளின் கிரகமான பீட்டாஸெட்டின் தூதர். ஐந்தாம் இல்லத்தின் மகள், ரிக்ஸின் புனிதக் கிண்ணத்தைக் காப்பவர், பீட்டாஸெட்டின் புனித மோதிரங்களுக்கு வாரிசு என்று தன் பட்டங்களை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அந்தப் புனிதக் கிண்ணம் பூசணம் பிடித்த பழைய மண்சட்டி என்று டியானா ஒருமுறை கோபத்தில் சொல்லிவிடுகிறாள். பின்னால் ஏழடி உயரத்தில், ஒரு வார்த்தை பேசாமல் பெட்டி தூக்கிக்கொண்டு மிஸ்டர் ஹோம் நிற்பார். தலையில் விதவிதமான விக். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்த அறை தனக்காகவே கட்டப்பட்டது என்ற நடை.

இப்படி ஒருவர் எண்டர்பிரைஸுக்குள் ஏன் தேவைப்பட்டார்? இருபத்து நான்காம் நூற்றாண்டு மனிதர்கள் தங்களுக்குள் அற்பச் சண்டை போட மாட்டார்கள் என்பதில் ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி உறுதியாக இருந்தார். தொடரின் எழுத்தாளர்களுக்கு அது பெரிய தலைவலி. பிக்கார்டு தன் வருத்தத்தைத் தேநீரோடு விழுங்கிவிடுவார். அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ரைக்கர் சிரித்து மழுப்புவார். வோர்ஃப் உறுமலோடு நிறுத்திக்கொள்வார். டியானாவோ ஊருக்கெல்லாம் மனநல ஆலோசகர். அவள் மனதை யாரும் விசாரிப்பதில்லை. அடக்கம் நிறைந்த அந்தக் கப்பலில் எனக்கு இது வேண்டும், இது வலிக்கிறது, இது அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்ல வெளியிலிருந்துதான் ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. வந்தவர் ஒரு அம்மா.

அப்படி அவர் சொன்னதிலேயே உச்சம் 'ஹாஃப் எ லைஃப்'. நான்காம் சீசன், 1991 மே மாதம் ஒளிபரப்பானது. கேலான் என்ற கிரகத்தின் சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது. டிமிசின் என்ற விஞ்ஞானி அதை உயிர்ப்பிப்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். எண்டர்பிரைஸின் உதவியோடு வேறொரு நட்சத்திரத்தில் சோதனை செய்து பார்க்கிறார், தோற்றுவிடுகிறது. எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆனால் நேரமில்லை. சில நாட்களில் அவருக்கு அறுபது வயது நிறைகிறது. அறுபது நிறைந்தவர்கள் சொந்தபந்தங்கள் சூழ ஒரு சடங்கு நடத்தித் தம் உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த மண்ணின் வழக்கம்.

இதைக் கேட்டதும் லுவாக்ஸானா செய்வதைப் பாருங்கள். பிக்கார்டு உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற சட்டத்தைச் சொல்கிறார். கப்பலில் உள்ள அத்தனை பேரும் வருத்தப்படுகிறார்கள், வருத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள். லுவாக்ஸானாவால் நிற்க முடியவில்லை. தானே கீழே போய் அந்தக் கிரகத்தையே ஒரு கை பார்ப்பேன் என்று கிளம்புகிறார்; ஆட்களை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் இயங்காதபோது உடைந்து அழுகிறார். மகள் வந்து தேற்றுகிறாள். அந்த அழுகை டிமிசினுக்காக மட்டும் இல்லை என்பது டியானாவுக்கும் புரிகிறது, நமக்கும் புரிகிறது. தனக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது என்ற பயம் அதில் இருக்கிறது.

டிமிசின் கல்மனம் கொண்டவரில்லை. வழக்கத்துக்கு முந்தைய காலத்தில் முதியவர்கள் எங்கோ ஒதுக்கப்பட்டு, தனிமையில் சாவுக்குக் காத்துக் கிடந்ததை எடுத்துச் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது, கௌரவமாகப் போய்விட வேண்டும் என்கிறார். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் நடந்துவந்ததை அறிந்தவர்கள் இந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் புகட்டி அனுப்பிவைப்பது. இங்கேயும் சொல்லப்படும் சொற்கள் பாரம், நிம்மதி, கௌரவம்தான். கேலானில் முதியவர் தம் காலால் நடந்து போகிறார்; இங்கே பாயில் கிடப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இதை எதிர்த்துக் குரல் எழுப்பும் பாத்திரமாக அந்தத் தொடர் ஒரு தளபதியையோ தத்துவவாதியையோ தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் தொல்லை என்று தள்ளும் இந்த அம்மாவைத் தேர்ந்தெடுத்தது.

அதோடு இதையும் பாருங்கள். லுவாக்ஸானாவாக நடித்த மேஜல் பேரட் பிறந்தது 1932 பிப்ரவரி. இந்த எபிசோடு வந்தபோது அவருக்கு 59 வயது. அறுபதை நெருங்குபவராக நடித்த டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் அப்போது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. கேலான் சட்டப்படி அடுத்த ஆண்டு சாக வேண்டிய வயதில் இருந்தவர், "ஏன் சாக வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்மணிதான். அந்தக் குரலில் இருக்கும் நடுக்கத்தை நான் நடிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

வழக்கத்தை மாற்ற ஒருவர் துணிந்தால் போதும் என்பதற்கு லுவாக்ஸானா தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்வார். பீட்டாஸெட்டில் ஒரு காலத்தில் பெண்கள் உயிருள்ள பிராணியைக் கூண்டோடு வைத்த மாபெரும் விக்குகளை அணிந்தார்களாம். எல்லாருக்கும் அவஸ்தை, யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி கழற்றி வைத்தாள், முடிந்தது. டிமிசினும் ஒரு கட்டத்தில் துணிகிறார், கப்பலிலேயே அடைக்கலம் கேட்கிறார். அப்போது அவர் மகள் மேலே வருகிறாள். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கமாகாமல் போவதை என்னால் தாங்க முடியாது, உங்களை நினைத்து வெட்கப்படுகிறேன் என்கிறாள். அதற்குமேல் அவரால் முடியவில்லை. திரும்பிப் போகிறார்.

கடைசிக் காட்சி டிரான்ஸ்போர்ட்டர் அறையில். லுவாக்ஸானா தோற்றுவிட்டார். அவர் அந்த வழக்கத்தை ஏற்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் அன்புக்குரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்பது முறையென்றால் நானும் வருகிறேன் என்று டிமிசினின் பக்கத்தில் போய் நிற்கிறார். கை கோத்துக்கொள்கிறார்கள். ஓயாமல் பேசுகிறவர் என்று நீங்கள் சொல்லும் லுவாக்ஸானா அங்கே அதற்குமேல் பேசுவதில்லை. ஏழு சீசனிலும் இதைவிடக் கண்ணியமான ஒரு முடிவு இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

'மேன்ஹன்ட்' பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வெறுப்பின் ஊற்று அதுதான். 1989, இரண்டாம் சீசன். நடுவயதில் பீட்டாஸாய்டு பெண்களுக்கு ஆசை பல மடங்கு பெருகும் ஒரு பருவம் வரும் என்று கதை. அந்தப் பருவத்தில் லுவாக்ஸானா மாப்பிள்ளை தேடிக் கப்பலுக்கு வருகிறார். பிக்கார்டு, கற்பனை உலகங்களை உருவாக்கிக் காட்டும் ஹோலோடெக் அறைக்குள் ஓடி ஒளிகிறார். இந்த எபிசோடில் எனக்கும் பிடிக்காதது நிறைய. ஆனால் என் கோபம் லுவாக்ஸானாமேல் இல்லை, ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஆசை இருப்பதே சிரிப்புக்குரியது என்று நினைத்து அந்தக் கதையை அமைத்தவர்கள்மேல். முதல் ஸ்டார் டிரெக் தொடரின் கேப்டன் கிர்க் மூன்று சீசன் முழுக்கக் கிரகத்துக்கொரு பெண்ணை முத்தமிட்டார். ரைக்கர் விடுமுறை என்றால் எங்கே போவார், எதற்குப் போவார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களைத் துரத்தல்காரர்கள் என்று சொல்லி எபிசோடுகளைத் தள்ளச் சொல்கிறீர்களா? மனதைக் கேட்காமல் படிப்பது மட்டும் மெய்யான குற்றம்தான். அதில் லுவாக்ஸானாவுக்காக நான் வாதாட மாட்டேன். டியானா அதைச் சொல்லிக் கோபப்படும்போதெல்லாம் நான் டியானா பக்கம்.

மேஜல் பேரட்டின் முந்தைய வேடங்களோடு சேர்த்துப் பார்த்தால் லுவாக்ஸானா இன்னும் தெளிவாகத் தெரிவார். 1960களில் முதல் தொடருக்காக எடுக்கப்பட்ட முதல் பைலட்டில், அதாவது முன்னோட்ட எபிசோடில், பேரட்தான் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி. பெயர்கூடக் கிடையாது, 'நம்பர் ஒன்' மட்டும். உணர்ச்சி காட்டாத, கணக்குப் பிசகாத பெண். தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் பைலட்டை ஏற்கவில்லை. மறுபடி எடுத்தபோது அந்தப் பாத்திரமே இல்லை. பிறகு நர்ஸ் கிறிஸ்டின் சேப்பலாகத் திரும்பி வந்தார். கப்பலின் அதிகாரி ஸ்பாக்கை நேசித்து, அந்த நேசத்துக்குப் பதிலே கிடைக்காமல் மருந்துத் தட்டோடு ஓரமாக நிற்கும் வேடம். இருபது ஆண்டு கழித்து லுவாக்ஸானா. அதிகாரம் இருந்தும் நீக்கப்பட்டவர், ஆசை இருந்தும் சொல்ல முடியாதவர், அதற்குப் பிறகு இரண்டையும் அறை அதிரச் சொல்பவர். இந்த மூவரையும் ஒரே முகத்தில் பார்த்த பிறகு அந்தச் சத்தம் எனக்கு இரைச்சலாகக் கேட்பதில்லை.

இன்னொரு வேடமும் உண்டு, உங்களுக்கு அது மிகவும் பிடிக்கும். எண்டர்பிரைஸின் கணினிக் குரல் மேஜல் பேரட்டுடையது. முதல் தொடரில் தொடங்கி டீப் ஸ்பேஸ் நைன், வாயேஜர் என்று பல தொடர்களில், திரைப்படங்களிலும் அதே குரல்தான். 2008 டிசம்பரில் அவர் காலமாவதற்கு முன் பதிவுசெய்து வைத்தது 2009 திரைப்படத்தில் ஒலித்தது. அந்தக் குரலைக் கேட்டால் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது என்று எத்தனையோ ரசிகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்படித்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தனக்கென்று எதுவும் கேட்காமல் இருக்கும்போது அந்தக் குரல் நம் எல்லாருக்கும் பிரியமானது. அதே குரல் எனக்குப் பசிக்கிறது, எனக்குத் துணை வேண்டும், என்னைப் பார் என்று சொன்னால் தள்ளிவிடச் சொல்கிறோம். இது நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

ராடன்பெரி 1991 அக்டோபரில் காலமானார். மேஜல் பேரட் அவர் மனைவி. அடுத்த ஏப்ரலில் ஒளிபரப்பான 'காஸ்ட் ஆஃப் லிவிங்' எபிசோடில் லுவாக்ஸானா முன்பின் பார்த்திராத ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளத் தயாராகிறார். காரணம் தனிமை. அந்த மனிதரின் சம்பிரதாயங்களுக்காகத் தன் நிறத்தையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறார். மண்குளியல் காட்சிகள் உங்களுக்கு அசட்டுத்தனமாகப் படலாம். ஆனால் வோர்ஃபின் சின்னப் பையன் அலெக்சாண்டர் அந்தக் கப்பலில் முதல்முறையாகக் குழந்தையாக இருப்பது லுவாக்ஸானாவோடு அங்கே போகும்போதுதான்.

'டார்க் பேஜ்' எபிசோடுக்கு வருகிறேன். 1993 நவம்பர், ஏழாம் சீசன். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் லுவாக்ஸானா கடைசியாக வருவது இதில். மனதால் மட்டுமே பேசிப் பழகிய ஒரு இனத்துக்கு வாயால் பேசக் கற்றுக்கொடுக்கிறார். களைத்துப் போயிருக்கிறார், பேச்சில் வழக்கமான ஜோர் இல்லை. அந்த இனத்தின் சிறுமி ஒருத்தி அவரை என்னவோ செய்கிறாள். நினைவிழந்து விழுகிறார். டியானா தாயின் மனதுக்குள் இறங்கித் தேடுகிறாள். அங்கே ஒரு ஓநாய், இறந்துபோன அப்பா, ஒரு சிறுமி. அம்மாவின் பழைய நாட்குறிப்புகளில் ஏழு ஆண்டுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் தெரிய வருகிறது: டியானாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். கெஸ்ட்ரா. டியானா கைக்குழந்தையாக இருந்தபோது ஏரிக்கரைக்குக் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். நாயின் பின்னால் ஓடியவள் தண்ணீரில் மூழ்கிவிட்டாள். அந்தப் பெயரை இனி உச்சரிக்கவே கூடாது என்று கணவரிடம் வாக்கு வாங்கி, தன் மனதிலிருந்தும் அழித்துவிட்டு, முப்பது ஆண்டுக்கு அருகில் வாழ்ந்திருக்கிறார் லுவாக்ஸானா.

இதைப் பார்த்துவிட்டு 1987இல் வந்த 'ஹேவன்' எபிசோடுக்குத் திரும்பிப் போங்கள். டியானாவுக்குச் சிறுவயதில் பேசி முடித்த சம்பந்தத்தை நடத்திவைக்க அம்மா வந்து இறங்கும் அந்த முதல் எபிசோடு. எதற்கு இந்த அவசரம், ஏன் மகளை இப்படி இறுக்கிப் பிடிக்கிறார், ஏன் நிமிடத்துக்கு நிமிடம் அவள் மனதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று அன்று எரிச்சல் வந்ததே, இன்று என்ன தோன்றுகிறது? ஹேவனை எழுதியவர்கள் கெஸ்ட்ராவை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு ஆண்டு கழித்து வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, இவ்வளவு சத்தம் எதை மூடி வைத்திருக்கிறது என்று யோசித்திருக்கிறார்கள். நீங்கள் தள்ளச் சொல்வது அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்துத்தான். 2020இல் 'பிக்கார்ட்' தொடரில் டியானாவும் ரைக்கரும் தங்கள் மகளுக்கு வைத்திருக்கும் பெயர் கெஸ்ட்ரா. அந்தப் பெயர் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. உங்கள் யோசனையைக் கேட்டு நடந்த ஒருவருக்கு அது வெறும் பெயர்.

டீப் ஸ்பேஸ் நைனின் பாதுகாப்பு அதிகாரி, உருமாறும் இனத்தைச் சேர்ந்த ஓடோவை உங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். ஓடோவே லுவாக்ஸானாவைப் பற்றி என்ன நினைத்தார் என்பதையும் கேளுங்கள். 'தி ஃபர்சேக்கன்' எபிசோடில் இருவரும் டர்போலிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடோ பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரவமாக மாறியே ஆக வேண்டும். அந்த நிலையில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கூசுகிறார். முகம் உருகத் தொடங்கிவிடுகிறது. லுவாக்ஸானா தன் விக்கைக் கழற்றுகிறார். யாரும் பார்த்திராத சாதாரண முடி. சாதாரணமாக இருக்கத் தனக்கு என்றுமே பிடித்ததில்லை என்கிறார். பிறகு மடியை விரித்து ஓடோவைத் தாங்கிக்கொள்கிறார். அடுத்தவரின் எல்லையை மதிக்கத் தெரியாதவர் என்று உங்களால் முத்திரை குத்தப்பட்டவர், அடுத்தவரின் கூச்சத்தைப் போக்கத் தன் கூச்சத்தை முதலில் திறந்து காட்டுகிறார்.

மூன்று ஆண்டு கழித்து 'தி மியூஸ்'. கதைக்கு மேஜல் பேரட்டின் பெயரும் உண்டு. லுவாக்ஸானா கர்ப்பமாக இருக்கிறார். ஆண் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து ஆண்களே வளர்ப்பது கணவனின் இனத்து வழக்கம். அதிலிருந்து தப்ப ஓடோ அவரை மணந்துகொள்ள முன்வருகிறார். எல்லார் முன்னிலையிலும் ஓடோ இந்தத் திருமணத்தை மனதார விரும்புகிறார் என்று நிரூபிக்க வேண்டும். தட்டுத் தடுமாறித் தொடங்கி, என் உலகம் சிறியதாக இருந்தது, நான் எவ்வளவு வேறானவன் என்று பார்த்தால் எல்லாரும் விலகிப் போவார்கள் என்று பயந்தேன், இவர் பார்த்தார், விலகவில்லை என்ற பொருளில் பேசுகிறார். பொய் சொல்லத் தொடங்கிய மனிதர் வாயில் உண்மை வந்துவிடுகிறது. ஸ்டார் டிரெக்கில் ஒரு பாத்திரத்தைப் பற்றி இன்னொரு பாத்திரம் சொன்ன மிகச் சிறந்த சொற்களில் இது ஒன்று. டீப் ஸ்பேஸ் நைனில் மீதமிருக்கும் 'ஃபேசினேஷன்' எபிசோடு பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதை வேண்டுமானால் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஆகவே, அடுத்த முறை யாராவது யோசனை கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஹேவனை முதல் சீசனோடு பார்த்துவிடு, எரிச்சல் வந்தால் வரட்டும். 'ஹாஃப் எ லைஃப்' எபிசோடைத் தனியாக உட்கார்ந்து பார். 'டார்க் பேஜ்' பார்க்கும்வரை அதன் கதையை யாரிடமும் கேட்காதே. பிறகு டீப் ஸ்பேஸ் நைனில் அந்த டர்போலிஃப்ட். மூன்றாம் சீசனில் ஃபெரெங்கி என்ற பேராசைக்கார வேற்றுக்கிரகத்தவர் லுவாக்ஸானாவைக் கடத்தும் கதையை எல்லாரும் பிக்கார்டு ஷேக்ஸ்பியர் கவிதை சொல்லும் காட்சிக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் மகளையும் ரைக்கரையும் விடுவித்தால் தான் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று பேரம் பேசுவது யார் என்று கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேன்ஹன்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அப்போதும் இறுதி நிமிடங்களை விட்டுவிட வேண்டாம். ஒரு மாநாட்டுக்காகக் கப்பல் இரண்டு அயல்கிரகப் பிரதிநிதிகளை மரியாதையோடு சுமந்துவந்திருக்கிறது. பிக்கார்டோ வோர்ஃபோ அவர்களிடம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. புறப்படத் தயாராக நிற்கும் லுவாக்ஸானா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவர்கள் கொலைகாரர்கள், மாநாட்டையே வெடிவைத்துத் தகர்க்க வந்திருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எபிசோடு முழுக்க அவரைக் கண்டு ஓடி ஒளிந்தவர்கள் அந்த இடத்தில் எப்படி நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டியானாவின் அம்மாவுக்காகவும் இந்தத் தொடரைப் பார்க்கும் ஒரு ரசிகை